கிட்டாரிஸ்டுக்கு வேலை இல்லாத பாட்டு

1

2009-ல் எங்கள் பொறியியல் கல்லூரி விடுதியில் இசை என்பது கைமாறிக்கொண்டே இருக்கும் ஒரு ஹார்ட் டிஸ்க். யாராவது ஊருக்குப் போய்த் திரும்பினால், புதிதாக என்ன கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பார்க்க அறை வாசலில் நாலு பேர் பென்டிரைவோடு நிற்பார்கள். அப்படி ஓர் இறுதியாண்டு அண்ணன் கொடுத்த ஃபோல்டரில்தான் எனக்கு ரேடியோஹெட் அறிமுகம். 'ஓகே கம்ப்யூட்டர்' ஆல்பத்தை ஒரு செமஸ்டர் முழுக்கக் கேட்டேன். மூன்று கிட்டார்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி ஓரிடத்தில் உடையும்போது, அரியரும் ப்ளேஸ்மென்ட்டும் கொஞ்ச நேரத்துக்குக் காணாமல் போய்விடும்.

அடுத்த ஃபோல்டர் 'கிட் ஏ'. அதே குழு, அடுத்த ஆல்பம். ஆசையாக ஹெட்ஃபோனை மாட்டினேன். ஒரு கீபோர்டு தொடங்கியது. பிறகு ஒரு மனிதக் குரல் துண்டு துண்டாக, முன்னும் பின்னும் இழுபட்டு வந்தது. கிட்டார் எப்போது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இரண்டாவது பாட்டிலும் இல்லை. நேராக அண்ணன் அறைக்குப் போனேன்.

"அண்ணா, ஃபைல் கரப்ட் ஆயிருச்சுன்னு நினைக்கிறேன். இன்னொரு தடவ காப்பி பண்ணித் தாங்க."

அவர் சிரித்தார். "ஃபைல் நல்லாத்தான்டா இருக்கு. பாட்டே அப்படித்தான். புரியலன்னா விடு, ஆனா அழிச்சிடாத."

அழிக்கவில்லை. கேட்கவும் இல்லை. அந்த ஃபோல்டர் மூன்று மடிக்கணினிகள் மாறி என்னோடு வந்தது. அதைத் திரும்பத் திறக்க எனக்குப் பத்து ஆண்டுகள் ஆயின. திறக்க வைத்தது இசை ஆர்வம் அல்ல, அலுவலகத்தில் நடந்த ஒரு விஷயம். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஐந்து பள்ளிப் பையன்களின் கதை.

2

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்ட்ஷையரில் ஆபிங்டன் என்றொரு சிறு நகரம். அங்குள்ள பள்ளியில் 1985 வாக்கில் ஐந்து பேர் சேர்ந்தார்கள். பாட்டும் கிட்டாரும் தாம் யார்க். கிட்டாருக்கு எட் ஓ'பிரையன். பேஸ் கிட்டாருக்குக் காலின் கிரீன்வுட். ட்ரம்ஸுக்கு ஃபில் செல்வே. கடைசியாக ஒட்டிக்கொண்டவர் காலினின் தம்பி ஜானி. பயிற்சி நடந்தது வெள்ளிக்கிழமைகளில் என்பதால் குழுவுக்கு 'ஆன் எ ஃப்ரைடே' என்று பெயர். 1991-ல் ஈஎம்ஐ நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆனபோது பெயர் ரேடியோஹெட் ஆனது.

1992-ல் வந்த 'க்ரீப்' அவர்களை உலகுக்குக் காட்டியது. அந்தப் பாட்டில் பல்லவிக்குச் சற்று முன்னால் கிட்டார் இரண்டு முறை துப்பாக்கி லோடு செய்வதுபோல் உறுமும். பாட்டு ரொம்பச் சாதுவாக இருக்கிறது என்று ஜானிக்குப் பிடிக்கவில்லை, அதைக் கெடுப்பதற்காகவே கம்பிகளை அப்படி அறைந்தார் என்பது குழுவினர் சொல்லும் கதை. கெடுக்கப்போன இடம்தான் பாட்டின் அடையாளமாக ஆகிவிட்டது. பின்னால் நடக்கப்போகிற எல்லாவற்றுக்கும் இதை ஒரு முன்னோட்டமாகவே நினைக்கிறேன்.

1995-ல் 'தி பெண்ட்ஸ்', 1997-ல் 'ஓகே கம்ப்யூட்டர்'. இரண்டாவதைப் பெரும்பகுதி பதிவுசெய்தது, பாத் நகருக்கு அருகே நடிகை ஜேன் சீமோருக்குச் சொந்தமான ஒரு பழைய மாளிகையில். உடன் இருந்தவர் நைஜல் காட்ரிச் என்ற இளம் ஒலிப்பொறியாளர். அன்றிலிருந்து அவர்தான் அவர்களுடைய தயாரிப்பாளர். ஆல்பம் இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது, கிராமி வாங்கியது. கிளாஸ்டன்பரி விழாவில் அந்த ஆண்டு அவர்கள் வாசித்த இரவைப் பற்றி இன்றும் எழுதுகிறார்கள்.

மாற்றம் திடீரென்று வந்தது என்று சொல்வார்கள். அது சரியல்ல. 'ஓகே கம்ப்யூட்டர்' ஆல்பத்தின் முதல் பாட்டான 'ஏர்பேக்'கில் செல்வே வாசித்த ட்ரம்ஸிலிருந்து சில நொடிகளை மட்டும் வெட்டி, மேக் கணினியில் திரும்பத் திரும்ப ஓடவிட்டிருக்கிறார்கள். 'ஃபிட்டர் ஹாப்பியர்' என்ற துணுக்கில் பேசுவது மனிதரே அல்ல, மேக்கின் சிம்பிள்டெக்ஸ்ட் மென்பொருள். யார்க்கும் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் டிஜே வேலை பார்த்தவர். விதை ஏற்கெனவே மண்ணில் கிடந்தது. ஆனால் கிட்டார்களின் நிழலில் அது யார் கண்ணிலும் படவில்லை.

3

வெற்றி யார்க்கை உடைத்தது. நீண்ட உலகச் சுற்றுப்பயணம். ஒவ்வொரு ஊரிலும் அதே பேட்டி, அதே கேள்வி, அதே புகைப்படம். கிராண்ட் ஜீ எடுத்த 'மீட்டிங் பீப்பிள் இஸ் ஈஸி' ஆவணப்படத்தில் இதைப் பார்க்கலாம். ஐந்து பேரின் முகமும் மெல்ல மெல்லக் காலியாகிக்கொண்டே போகும். 1997 நவம்பரில் பர்மிங்காம் கச்சேரி முடிந்ததும் யார்க்கால் யாரிடமும் ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

பயணம் முடிந்து வீட்டுக்கு வந்தால் எழுத வரவில்லை. கிட்டாரை எடுத்தாலே, ஏற்கெனவே செய்ததைத்தான் விரல்கள் செய்தன. வானொலியைத் திருப்பினால் தன்னைப்போலவே பாடும் புதிய குழுக்கள். தன் குரலே தன்னைக் கேலி செய்வதுபோல அவருக்கு இருந்திருக்க வேண்டும். மெலடி மீதே வெறுப்பு வந்துவிட்டது, தாளம் மட்டும் போதும் என்று இருந்தது என்று அவர் பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். கார்ன்வாலில் ஒரு வீடு வாங்கி, கடலோரப் பாறைகளில் நடந்தார், படம் வரைந்தார். வீட்டில் வாசித்தது பியானோ மட்டும். அதில் அவர் தேர்ச்சி பெற்றவர் அல்ல. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார் என்று நினைக்கிறேன். தெரியாத கருவியில் பழக்கம் குறுக்கே வராது.

கேட்டது, வார்ப் என்ற இசை நிறுவனத்தின் வெளியீடுகள்: ஏஃபெக்ஸ் ட்வின், ஆட்டெக்கர். குரலே இல்லாத, பெரும்பாலும் இயந்திரங்களால் ஆன இசை. அந்த நிறுவனத்தின் பழைய வெளியீடுகளை மொத்தமாக வாங்கிக் கேட்டார்.

இதுவரை இது ஒரு மேதையின் நெருக்கடிக் கதை. இப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு வேறொரு கேள்வி உண்டு. மற்ற நாலு பேர்?

4

1999 ஜனவரியில் பாரிஸில் பதிவு தொடங்கியது. மார்ச்சில் கோபன்ஹேகன். பிறகு குளோஸ்டர்ஷையரில் ஒரு மாளிகை. யார்க் கொண்டுவந்தவை பாட்டுகளாகவே இல்லை. ஒரு தாளம், ஒரு ஒலி, பாதி வரி. சில சமயம் வரிகளைத் துண்டுச்சீட்டில் எழுதித் தொப்பியில் போட்டுக் குலுக்கி எடுத்தார். கோபன்ஹேகனிலிருந்து கிளம்பும்போது கையில் சுமார் 50 ரீல் நாடா, ஒவ்வொன்றிலும் 15 நிமிடம். முடிந்த பாட்டு ஒன்றுகூட இல்லை.

ஓ'பிரையன் எதிர்பார்த்திருந்தது நேர்மாறானது. 'ஓகே கம்ப்யூட்டர்' கனமாகிவிட்டது, இனி மூன்று நிமிடத்தில் முடியும் சுருக்கமான கிட்டார் பாட்டுகள் செய்யலாம் என்பது அவர் கனவு. காலினுக்கு அந்த வார்ப் இசை குளிர்ந்து கிடப்பதாகத் தோன்றியது. வித்தியாசமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே செய்யும் வெற்றுக் கலைப் பம்மாத்தாக ஆகிவிடுமோ என்று ஜானி பயந்தார். காட்ரிச்சுக்கே புரியவில்லை. கைவசம் இவ்வளவு நன்றாக வரும் ஒன்றை எதற்குத் தூக்கிப் போட வேண்டும்?

1999 ஜூலையிலிருந்து ஓ'பிரையன் குழுவின் இணையதளத்தில் நாட்குறிப்பு எழுதினார். ஸ்டுடியோவில் என்ன நடந்தது, எது ஓடியது, எது ஓடவில்லை என்று சாதாரணமாகப் போகும் குறிப்புகள். ஆனால் பிற்காலப் பேட்டிகளில் அவர் நேரடியாகவே சொல்லியிருக்கிறார்: நான் ஒரு கிட்டாரிஸ்ட், திடீரென்று பார்த்தால் இந்தப் பாட்டில் கிட்டாரே கிடையாது, எல்லோருக்கும் பயமாக இருந்தது.

இந்த இடத்தில்தான் என் கதை வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு பழைய பில்லிங் மென்பொருளை எங்கள் குழு பராமரித்தது. ஆறு வருடம் அதோடு வாழ்ந்தவன் நான். எந்த மாத இறுதியில் எது உடையும், எந்த ஃபங்ஷனைத் தொட்டால் எங்கே இடிக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நள்ளிரவில் போன் வந்தால் எரிச்சலாகவும் இருக்கும், உள்ளுக்குள் பெருமையாகவும் இருக்கும். ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில், இதை மொத்தமாகத் தூக்கிவிட்டு வேறு மொழியில், வேறு கட்டமைப்பில் புதிதாக எழுதப்போகிறோம் என்றார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அடுத்த மூன்று மாதம் நான் பார்த்த வேலை என்று எதையும் காட்ட முடியாது. கூட்டங்களில் உட்கார்ந்திருந்தேன். என்னைவிட எட்டு வயது இளைய பையன் வைட்போர்டில் வரைய, நான் தலையாட்டினேன். யாரும் என்னை அவமானப்படுத்தவில்லை, அதுதான் கஷ்டமே. கோபப்படக்கூட ஆள் இல்லை. ஒருநாள் வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் சும்மா பழைய ஃபோல்டர்களைத் துழாவும்போது 'கிட் ஏ' கண்ணில் பட்டது. ஓடவிட்டேன். துண்டு துண்டான அந்தக் குரல். இந்த முறை ஃபைல் கெட்டுப்போனதாகத் தோன்றவில்லை.

அன்று இரவுதான் ஓ'பிரையனின் பேட்டிகளைத் தேடிப் படித்தேன். ஆல்பம் பிறந்த கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த ஓராண்டில் ஸ்டுடியோவில் கை கட்டி உட்கார்ந்திருந்தவனின் கதை எனக்கு மட்டும் எழுதப்பட்டதுபோல இருந்தது.

5

ஐந்து பேரும் கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்தார்கள். வெளியிடத் தகுந்த ஆல்பம் ஒன்றில் உடன்பட முடியாவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவது. இதை நான் மிரட்டலாகப் படிக்கவில்லை. கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் சில பேரால் அறைக்குள் உட்கார முடியும்.

1999 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபர்ட்ஷையரில் அவர்களுடைய சொந்த ஸ்டுடியோ தயாரானது. 2000 தொடக்கத்தில் காட்ரிச் ஒரு யோசனை சொன்னார். குழுவை இரண்டாகப் பிரித்து இரண்டு அறைகளில் உட்கார வைப்பது. ஓர் அறையில் இருப்பவர்கள் ஒரு ஒலியையோ ஒலித்தொடரையோ உருவாக்குவார்கள். அடுத்த அறையில் இருப்பவர்கள் அதை வாங்கி வெட்டுவார்கள், ஒட்டுவார்கள், உருமாற்றுவார்கள். கிட்டார், ட்ரம்ஸ் போன்ற வழக்கமான கருவிகளுக்கு அனுமதி கிடையாது.

முதல் பார்வைக்கு இது விளையாட்டு. மென்பொருள் வேலை தெரிந்தவர்களுக்கு இது என்னவென்று உடனே புரியும். இருக்கும் குழுவின் வேலைப் பங்கீட்டை உடைப்பது. அதுவரை ஒவ்வொருவரும் ஒரு கருவி. எட் என்றால் கிட்டார், ஃபில் என்றால் ட்ரம்ஸ். பாட்டு எதுவானாலும் அதில் தன் கருவிக்கு ஓர் இடம் உண்டு என்ற உரிமை. இந்த விதி அந்த உரிமையை எல்லோரிடமிருந்தும் ஒரே நேரத்தில் பறித்தது. யாருக்கும் எதுவும் தெரியாத நிலையில் ஐந்து பேரும் சமம். அந்தப் பயிற்சியிலிருந்து பாட்டுகள் பெரிதாக வரவில்லை. ஆனால் அதுதான் திருப்பம் என்று ஓ'பிரையன் சொன்னார். அதற்குப் பிறகு வேலை நகர ஆரம்பித்தது. சில மாதங்களில் கிட்டத்தட்ட 30 பாட்டுகள் சேர்ந்தன.

ரேடியோஹெட் ஐ.நா. சபை மாதிரி, அதில் நான் அமெரிக்கா என்று யார்க் ஒருமுறை வேடிக்கையாகச் சொன்னதுண்டு. ஒருவரின் பிடிவாதத்துக்கு நாலு பேர் வளைந்தார்கள் என்று இந்தக் கதையைச் சொல்ல முடியும், அதில் உண்மையும் உண்டு. ஆனால் வளைந்தவர்கள் சும்மா வளையவில்லை. அதற்கான ஆதாரம் ஆல்பத்திலேயே இருக்கிறது.

6

'ட்ரீஃபிங்கர்ஸ்' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குரல் இல்லை, தாளம் இல்லை. பனிமூட்டம்போல ஓர் ஒலி மெதுவாகக் கடந்து போகும். சிந்தசைசர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது ஓ'பிரையனின் கிட்டார். அவர் வாசித்ததைக் கணினிக்குள் எடுத்து, இழுத்து, கரைத்து, கிட்டார் என்ற அடையாளமே தெரியாமல் ஆக்கியிருக்கிறார்கள். ஆல்பத்தில் கிட்டார் இல்லை என்று குறைப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டிருந்ததே கிட்டாரைத்தான்.

ஜானி போன பாதை பின்னோக்கியது. 1928-ல் மொரீஸ் மார்த்தெனோ என்ற பிரெஞ்சுக்காரர் அறிமுகப்படுத்திய மின்னணு வாத்தியம் 'ஓந்த் மார்த்தெனோ'. விரலில் ஒரு மோதிரத்தை மாட்டி, ஒரு கம்பியோடு இழுத்தால் மனிதக் குரல்போல அது அழும். பள்ளி நாட்களில் ஒலிவியே மெஸ்ஸியனின் 'துரங்கலீலா' சிம்பொனியைக் கேட்டதிலிருந்து ஜானிக்கு அந்த வாத்தியத்தின் மேல் பித்து. (ஆம், துரங்கம், லீலை என்ற சமஸ்கிருதச் சொற்களேதான்.) ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில் யார்க் பாடவில்லை, பேசியிருக்கிறார். அந்தப் பேச்சுக்கு ராகத்தைக் கொடுப்பது ஜானியின் ஓந்த் மார்த்தெனோ. மெலடி வேண்டாம் என்ற பாடகனின் குரலில் கிட்டாரிஸ்ட் மெலடியை ஏற்றிவிட்டான்!

'ஹவ் டு டிஸப்பியர் கம்ப்ளீட்லி' பாட்டுக்கு வயலின் பகுதிகளை எழுதியதும் ஜானியே. அதைப் பதிவுசெய்தது ஸ்டுடியோவுக்கு அருகே டார்செஸ்டர் அபே என்ற 12-ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்தில். அவர் எழுதிய ஸ்வரத்தாளைப் பார்த்ததும் ஆர்கெஸ்ட்ராவினர் சிரித்துவிட்டார்கள், அதை வாசிக்கவே முடியாது என்று. நடத்துநர் ஜான் லபக்தான் முயன்று பாருங்கள் என்று அவர்களைத் தூண்டியவர். 'தி நேஷனல் ஆன்தம்' பாட்டில் பேஸ் வாசித்தது காலின் அல்ல, யார்க். அந்த மெட்டு அவர் பள்ளியில் படிக்கும்போது போட்டது. அதன்மேல் ஓர் ஊதுகுழல் கூட்டம், ஜாஸ் மேதை சார்லஸ் மிங்கஸின் பாதிப்பில், டிராஃபிக்கில் மாட்டிய வண்டிகள்போல அலறும். அவர்களை நடத்துகிறேன் என்று குதித்துக் குதித்து யார்க் பாதத்தை உடைத்துக்கொண்டார்.

இப்படிப் பார்த்தால் 'கிட் ஏ'யை எலெக்ட்ரானிக் ஆல்பம் என்று சொல்வது பாதி உண்மைதான். இருபதுகளின் வாத்தியமும் பழைய தேவாலயமும் காலால் மிதிக்கும் ஆர்கனும் அதில் இருக்கின்றன. ஒவ்வொருவரும் தன் பழைய நாற்காலியிலிருந்து எழுந்து வேறெங்கோ போய் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே அதிலுள்ள உண்மையான மாற்றம்.

7

ஆல்பத்தின் உச்சம் 'இடியோடெக்'. அதன் பின்னணியில் ஒரு பொறியாளன் தவறவிடக் கூடாத கதை இருக்கிறது.

ஜானி ஒரு மாடுலர் சிந்தசைசரோடும் பழைய இசைத்தட்டு ஒன்றோடும் விளையாடி, சுமார் 50 நிமிட ஒலிக்குவியலை யார்க்கிடம் கொடுத்தார். அதில் பெரும்பகுதி குப்பை. நடுவில் ஒரு சிறு துண்டு, ஒரு நிமிடம்கூட வராது, நாலு கார்டுகள். யார்க் அதை வெட்டி எடுத்தார். பாட்டு முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது.

அந்த நாலு கார்டுகள் வந்த இசைத்தட்டு 1976-ல் வெளியான ஒரு மின்னணு இசைத் தொகுப்பு. அதை அமெரிக்காவில் எங்கோ செகண்ட் ஹேண்டாக ஜானி வாங்கியிருந்தார். கார்டுகள் பால் லான்ஸ்கி என்ற இசையமைப்பாளருடையவை, 'மில்ட் உண்ட் லைசே' என்ற 18 நிமிடப் படைப்பிலிருந்து. 1973-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இளம் ஆசிரியராக இருந்தபோது செய்தது. கருவி: ஐபிஎம் 360/91 மெயின்ஃப்ரேம். நினைவகம் சுமார் ஒரு மெகாபைட். பஞ்ச் கார்டில் நிரலைத் துளையிட்டுக் கொடுக்க வேண்டும். வரும் விடையும் ஒலி அல்ல, நாடாவில் பதிந்த வெறும் எண்கள். அந்த நாடாவைத் தூக்கிக்கொண்டு பொறியியல் கட்டடத்தின் அடித்தளத்திலிருந்த ஆய்வகத்துக்கு நடந்துபோய், அங்கே ஒலியாக மாற்றினால்தான், தான் எழுதியது என்னவென்று காதில் கேட்கும். நமக்கு பில்டு மூன்று நிமிடம் ஆனாலே டீ குடிக்கப் போய்விடுகிறோம்.

தலைப்பு வாக்னரின் 'டிரிஸ்டனும் இசோல்டேயும்' ஆபராவின் இறுதிப் பாடலுடையது. லான்ஸ்கி எடுத்துக்கொண்டதும் அந்த ஆபராவின் புகழ்பெற்ற 'டிரிஸ்டன் கார்டு'. 19-ஆம் நூற்றாண்டின் ஒரு ஸ்வரச்சேர்க்கை, 1973-ல் பஞ்ச் கார்டு வழியாக நுழைந்து, 2000-ல் ஒரு ராக் பாட்டாக வெளியே வருகிறது. ஜானி கடிதம் எழுதி அனுமதி கேட்டார். லான்ஸ்கி மகிழ்ச்சியோடு சம்மதித்தார்.

இயந்திர இசையில் உயிர் இல்லை என்று சொல்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். நாடாவைச் சுமந்து நடந்த ஓர் ஆளின் கால்வலி அந்த நாலு கார்டுகளுக்குள் இருக்கிறது.

8

2000 அக்டோபர் 2 அன்று 'கிட் ஏ' இங்கிலாந்தில் வெளியானது, மறுநாள் அமெரிக்காவில். சிங்கிள் கிடையாது, மியூசிக் வீடியோ கிடையாது. 'ப்ளிப்' என்ற சில நொடி அனிமேஷன் துணுக்குகள் மட்டும். வெளியாவதற்குச் சில வாரங்கள் முன்பே நாப்ஸ்டரில் கசிந்துவிட்டது. இனி யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, ஆல்பம் இரு நாடுகளிலும் முதலிடத்துக்குப் போனது. அமெரிக்காவில் அவர்களுக்கு அதுவே முதல் முதலிடம்.

விமர்சகர்கள் இரண்டாகப் பிளந்தார்கள். 'மெலடி மேக்கர்' இதழ் ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம் போட்டது. 'பிட்ச்ஃபோர்க்' பத்துக்குப் பத்து போட்டது. நாவலாசிரியர் நிக் ஹார்ன்பி 'நியூ யார்க்கர்' இதழில் எழுதியதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்த ஆல்பம் கேட்பவரிடம் பொறுமையையும் பக்தியையும் கேட்கிறது, சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகு அவை இரண்டுமே அரிதாகிவிடுகின்றன என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் என் அனுபவம் தலைகீழ். நேரம் கொட்டிக் கிடந்த விடுதி நாட்களில் இது எனக்குப் புரியவில்லை. சம்பளம் வாங்கி, அந்தச் சம்பளத்துக்கு நான் செய்யும் வேலைக்கு இனி அர்த்தம் உண்டா என்று சந்தேகம் வந்த பிறகுதான் புரிந்தது.

இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு. ஆட்டெக்கரும் ஏஃபெக்ஸ் ட்வினும் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்ததைத்தானே இவர்கள் ராக் ரசிகர்களுக்குக் கொஞ்சம் தண்ணீர் கலந்து கொடுத்தார்கள்? ஒலியை மட்டும் வைத்துப் பார்த்தால் அதை மறுக்க முடியாது. ஆனால் ஏஃபெக்ஸ் ட்வின் தனி ஆள். அவர் தன்னை மாற்றிக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பதினைந்து வருடமாக ஒன்றாக வாசித்த ஐந்து பேர், ஒருவரையும் வெளியே தள்ளாமல் மாறுவது வேறு வகைக் கஷ்டம். ராக் வரலாற்றில் பாணி மாறிய குழுக்கள் நிறைய. ஆள் மாறாமல் மாறியவை குறைவு.

அந்தப் பத்தாண்டின் இறுதியில் 'ரோலிங் ஸ்டோன்', 'பிட்ச்ஃபோர்க்', லண்டன் 'டைம்ஸ்' மூன்றும் பத்தாண்டின் சிறந்த ஆல்பம் என்று 'கிட் ஏ'யைத் தேர்ந்தெடுத்தன. சரியென்று நிரூபிக்கப்பட்டார்கள் என்று கதையை இங்கே முடிப்பது சுலபம். ஆனால் 1999-ல் கோபன்ஹேகனில் 50 ரீல்களோடு நின்றவர்களுக்கு இந்தப் பட்டியல்கள் தெரியாது.

9

பிறகு என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். அதே பதிவுகளில் மீந்த பாட்டுகள் 2001-ல் 'அம்னீசியாக்' ஆல்பமாக வந்தன. அதே ஆண்டு வந்த நேரடிக் கச்சேரிப் பதிவில் 'இடியோடெக்'கைக் கேட்டால், இயந்திரத் தாளத்தோடு செல்வேயின் ட்ரம்ஸும் வந்து சேர்ந்திருக்கும். கிட்டார்களும் திரும்பின. 2007-ல் விருப்பமான விலை கொடுங்கள் என்று இணையத்தில் வெளியிட்ட 'இன் ரெயின்போஸ்' ஆல்பத்தில் அவை வெளிப்படையாகவே இருக்கின்றன. ஆனால் வேறு மாதிரி. இருந்தே தீர வேண்டும் என்ற அவசரம் இல்லாமல், தேவைப்பட்ட இடத்தில் மட்டும். ஜானி திரைப்பட இசைக்குப் போனார். 2015-ல் ஜோத்பூரின் மெஹ்ரான்கர் கோட்டையில் ராஜஸ்தான் இசைக்கலைஞர்களோடு உட்கார்ந்து 'ஜுனூன்' ஆல்பம் செய்தார். அதில் அவர் பெரும்பாலும் ஓரமாகவே உட்கார்ந்திருப்பார்.

லான்ஸ்கி? முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணினி இசையின் முன்னோடியாக இருந்துவிட்டு, பிற்காலத்தில் அதை விட்டு, மனிதர்கள் கையால் வாசிக்கும் வாத்தியங்களுக்கு எழுதப் போய்விட்டார். ரேடியோஹெட் போன திசையில் அவர் எதிரே வந்தார்.

நான் அந்தப் புதிய மென்பொருளில் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பழைய பில்லிங்கில் எந்த மாதம் எது உடையும் என்று எனக்குத் தெரியும் அல்லவா? அவற்றையெல்லாம் சோதனைகளாக எழுத ஆரம்பித்தேன். புதியதை ஓடவிடுவதற்கு முன் பழையதன் எல்லா வலிகளையும் அது தாங்குகிறதா என்று பார்க்கும் வேலை. யாரும் எனக்கு அதைக் கொடுக்கவில்லை, அந்தப் பதவிக்குப் பெயரும் இல்லை. வைட்போர்டில் வரைந்த பையன்தான் முதலில் அதைக் கவனித்தான். "அண்ணா, இது இல்லன்னா நாம செத்திருப்போம்" என்றான். என் கிட்டார் சத்தம் வெளியே கேட்கவில்லை, ஆனால் பாட்டுக்குள் இருந்தது.

போன மாதம் அதே பையன், இப்போது வேறு நிறுவனத்தில் இருக்கிறான், போன் பண்ணினான். அவர்கள் குழுவில் முக்கால்வாசி நிரலை இப்போது செயற்கை நுண்ணறிவே எழுதுகிறதாம். ரெண்டு வாரமாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறானாம். "அண்ணா, நமக்கு இனி என்னதான் வேலை?" என்றான். என்னிடம் பதில் இல்லை. எனக்கே தெரிந்தால்தானே. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பாட்டு கேப்பியாடா என்று கேட்டேன்.

ஃபோல்டரை அனுப்பியிருக்கிறேன். ஃபைல் கரப்ட் ஆகிவிட்டது என்று இன்னும் அவன் சொல்லவில்லை.